கல் பங்களாவும் பருப்பு வேகாத தண்ணீரும்

நாகரத்னா அம்மா களியைக் கிள்ளி, கீரைக் கடைசலில் புரட்டி, வாயில் போட்டார். ராகிக் களியை மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரும் விழுங்கினார். இரண்டாவது வாய்க்குக் கிள்ளியவர் கையைத் தட்டிலேயே நிறுத்தி, கடைசலை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார்.

"இது என்ன பருப்புக்கா?"

"தொவரம் பருப்புதான்" என்றாள் உங்கள் அம்மா. "ஏம்மா, நல்லா இல்லியா?"

"ஐயோ, ரொம்ப நல்லா இருக்கு. ஒரு பருப்புகூட முழுசா காணோம். வெண்ணெ மாதிரி மசிஞ்சிருக்கு."

எனக்குப் புரையேறியது. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு இருமினேன்.

"கேன் தண்ணியில வேக வெச்சீங்களா?"

"கேன் தண்ணியா? நல்லா கேட்டீங்க போங்க!" உங்கள் அம்மா சிரித்தாள். "அது எங்களுக்கு எதுக்கு? எல்லாம் நம்ம கெணத்துத் தண்ணிதான். ரெண்டு விசிலு வுட்டா போதும். குண்டு பருப்பாவே இருந்தாலும் கரைஞ்சிடும்."

அரை மணி நேரத்துக்கு முன்னால், அதே கிணற்றடியில் நின்று, அதே நாகரத்னா அம்மாவிடம் நான் சொல்லியிருந்தேன்: "தண்ணி பாக்கத்தான்மா நல்லா இருக்கும். பருப்பு வேகாது."

தருண் கேட்டது

கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் பிள்ளைகள் உங்கள் இரண்டு பேருக்கும், தருணுக்கும் நிவிக்கும், எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தருண், நீ கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாய். "அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. கல் பங்களாவ வுட்டு நாம ஏன் வந்தோம்? அத எழுதுங்க" என்றாய்.

வீட்டை விற்றுவிட்டார்கள், அதனால் வந்தோம் என்றுதான் இத்தனை நாள் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் பாதிதான் உண்மை. மீதியை இந்த வாரம் எழுதுகிறேன்.

நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

ஆணி இறங்காத சுவர்

கெலமங்கலத்தில் அந்த வீட்டுக்கு யாரும் கதவு எண் சொல்லி நான் கேட்டதில்லை. கல் பங்களா என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். தமிழில் சொன்னாலும் அதுதான், தெலுங்கில் சொன்னாலும் அதுதான், கன்னடத்தில் சொன்னாலும் அதுதான்.

வெள்ளைக்காரன் காலத்தில் புளி வியாபாரமும் பட்டுக்கூடு வியாபாரமும் செய்த ஒருவர் கட்டியது. பக்கத்துக் குன்றிலிருந்து கல் உடைத்து மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்களாம். முன்பக்கத்தில் எட்டுத் தூண்கள். ஒவ்வொன்றும் ஒற்றைக் கல். மாடிக்குப் போகும் படியும் கல்தான். ஆள் ஏறி ஏறி நடுவில் தேய்ந்து, அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியதுபோல வழுவழுவென்று இருக்கும். தருண், நீ அதில் உட்கார்ந்து சறுக்கி டவுசர் கிழித்துக்கொண்டது எத்தனை தடவை!

சுவர் என் முழங்கை நீளத்துக்கு மேல் கனம். குடிபோன முதல் வாரம் காலண்டர் மாட்டலாம் என்று ஆணி அடித்தேன். மூன்று ஆணி மடங்கியது. "கம்பெனியில இரும்பையே அறுக்கற ஆளு, ஒரு ஆணி அடிக்க வரல பாரு" என்று உங்கள் அம்மா கேலி செய்தாள். அப்புறம் ஜன்னல் கம்பியில்தான் காலண்டரைக் கட்டினோம். வருஷா வருஷம் அங்கேயேதான் கட்டினோம்.

வீட்டுக்குள் போன் சிக்னல் வராது. சரோஜம்மாவிடமிருந்து போன் வந்தால் நான் வாசல் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓட வேண்டும்.

சரோஜம்மாதான் வீட்டுக்குச் சொந்தக்காரர். அந்த வியாபாரியின் பேரன் மனைவி. கணவர் காலமான பிறகு பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் கிணற்று மோட்டாரைச் சரிசெய்ய என்னை யாரோ அனுப்பிவைத்தார்கள். நான் சரிசெய்து முடித்ததும், ஊருக்கு வந்திருந்த அவர் தண்ணீர் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வூடு சும்மா கெடக்குது. குடும்பத்தோட வந்து பின்னால இருந்துக்கிறயா சேகரு?" என்றார்.

அப்போது நாம் ஒசூரில் லைன் வீட்டில் இருந்தோம். ஆறு குடும்பத்துக்கு ஒரு குழாய். உங்கள் அம்மா விடியற்காலையில் குடத்தோடு போய் வரிசையில் நிற்பாள். நான் யோசிக்கவே இல்லை. மறுவாரமே பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

பழைய வண்டிக் கொட்டகையை இரண்டு அறையாக மாற்றியிருந்தார்கள். அதுதான் நம் வீடு. வாடகை கிடையாது. பெரிய வீட்டைப் பெருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும், மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது வீடு பார்க்க வந்தால் திறந்து காட்ட வேண்டும்.

முதல் நான்கு வருஷம் யாரும் வரவில்லை. பிறகு சரோஜம்மா வீட்டை விற்பதாக முடிவு செய்தார்.

பார்க்க வந்தவர்கள்

விதவிதமான ஆட்கள் வந்தார்கள்.

ஒருவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்து, டேப் வைத்து அளந்தார். "வீடு வேணாங்க. இந்த எட்டு தூணு மட்டும் குடுப்பாங்களா?" என்றார். தூணை எடுத்தால் மாடி என் தலையில் விழும் என்றேன். "நீங்கதான் பின்னால இருக்கீங்களே, உங்க மேல விழாது" என்றார். நல்ல மனிதர்.

இன்னொருவர் திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, வாசல் அரை அடி தள்ளி இருந்திருக்க வேண்டும் என்றார். அந்தச் சுவரில் அரை அடி நகர்த்துவது என்றால் வெடி வைத்தால்தான் உண்டு. அவரே அதைப் புரிந்துகொண்டு கிளம்பிவிட்டார்.

இவர்களைக் கண்டெல்லாம் எனக்குப் பயமில்லை. வாங்க மாட்டார்கள் என்று காரை நிறுத்துவதிலேயே தெரிந்துவிடும். உண்மையிலேயே வாங்குகிற ஆள் வேறு மாதிரி. அவர் தூணைப் பார்க்க மாட்டார். கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பார். மழை வந்தால் எங்கே ஒழுகும் என்று கேட்பார்.

அப்படி ஒரு தம்பதி பெங்களூரிலிருந்து வந்தார்கள். பள்ளி திறந்த சமயம். நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து குளித்திருந்தேன். உங்கள் அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவிக்குப் போயிருந்தாள். முந்தின நாள்தான் நிவி, நீ உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கெல்லாம் காக்கி அட்டை போட்டாய். பசைக்குச் சோறு கேட்டாய். லேபிளில் பெயர், வகுப்பு, பள்ளி என்று எழுதி, எழுத்து வளைந்துவிட்டது என்று ஒன்றைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாய்.

அந்தப் புத்தகங்கள் ஜன்னல் ஓரமாக அடுக்கி இருந்தன. எனக்கு அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"தண்ணி எப்படிங்க?" என்று அந்தக் கணவர் கேட்டார்.

"தண்ணி இருக்குதுங்க. ஆனா பருப்பு வேகாது" என்றேன்.

நான் யோசித்து வைத்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது எவ்வளவு பொருத்தமான பொய் என்று எனக்கே தெரிந்தது. கல் சுவரைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது, எதிரிலேயே நிற்கிறது. கூரையைப் பற்றிச் சொல்ல முடியாது, அண்ணாந்து பார்ப்பார்கள். தண்ணீர் ஒன்றைத்தான் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நம் பக்கத்தில் போர் போட்டுப் போட்டுத் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விட்டது. பாதி ஊரில் உப்புத் தண்ணீர்தான். குளித்தால் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும், பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். அதனால் வீடு பார்க்கப் போகிற பெண்கள் முதலில் கேட்பதே பருப்பு வேகுமா என்பதைத்தான். வேகாது என்று அங்கேயே குடியிருக்கிற ஆள் சொன்னால், யாரும் அடுப்பு மூட்டிச் சோதித்துப் பார்ப்பதில்லை.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை.

அப்புறம் இன்னும் இரண்டு பேரிடம் அதையே சொன்னேன். இரண்டாவது, மூன்றாவது தடவையெல்லாம் குரல்கூடத் தடுமாறவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் ஆட்கள் வந்தார்கள். மாதம் ஒருமுறை சரோஜம்மா கேட்பார். "ஏன் சேகரு, பாத்துட்டுப் போறவங்க திரும்பி வர மாட்டேங்கறாங்க?"

"என்னன்னு தெரியலம்மா" என்பேன்.

நிவியின் பரீட்சைக்காகத்தான் சொன்னேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுக்கச் சரியில்லை. கெலமங்கலத்திலேயே வேறு வீடு பார்த்திருக்கலாம். பள்ளியை மாற்ற வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எனக்கும் அந்த இடத்தை விட மனமில்லை. கோடையில் ஷிப்ட் முடிந்து வந்து பெரிய வீட்டுத் தரையில் வெறும் முதுகோடு படுப்பேன். மெஷின் சூடு உடம்பிலிருந்து கல்லுக்கு இறங்குவது தெரியும். அதை விட்டுவிட்டு மறுபடி லைன் வீட்டுக்கா என்று தோன்றியது.

கட்டில் எண்ணிய நாகரத்னா அம்மா

நாகரத்னா அம்மா வந்தது தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று எல்லோரும் வீட்டில் இருந்தோம்.

ஒசூரிலிருந்து தனியாக ஸ்கூட்டியில் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் எட்டுத் தூணையும் ஒரு பார்வை பார்த்தார். "ஐயப்பா, இவ்ளோ கல்லா?" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் தூண் பக்கம் திரும்பவே இல்லை. அறை அறையாகப் போய் எத்தனை கட்டில் போடலாம் என்று எண்ணினார். பாத்ரூம் எங்கெங்கே கட்டலாம் என்று கேட்டார்.

"ஹாஸ்டலுக்குண்ணா" என்றார். "கம்பெனி வேலைக்குப் போற பொம்பளப் பிள்ளைங்களுக்கு. இப்ப வாடகைக் கட்டடத்துல ரெண்டு நடத்தறேன். வருஷத்துக்கு ஒருக்கா காலி பண்ணுன்னு சொல்றாங்க. அறுபது பிள்ளைங்களையும் பெட்டியையும் தூக்கிக்கிட்டு எங்க போறது? சூளகிரி பக்கம் புதுசு புதுசா கம்பெனி வருது. பஸ்ஸு இந்த ஊரு வரைக்கும் வந்து ஏத்திக்கும்."

அவரும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் லைனில் நின்றவர்தான். மாடிப்படியில் நின்று பழைய கதை சொன்னார்.

"நான் இருந்த ஹாஸ்டல்ல உப்புத் தண்ணிண்ணா. தலைக்கு ஊத்தினா முடி கொத்துக் கொத்தா கையில வரும். புதுசா வர்ற பிள்ளைங்க மூணாவது மாசம் கண்ணாடி முன்னால நின்னு அழும். திருநெல்வேலி, திருவாரூருன்னு எங்கெங்கயோ இருந்து நீளமா சடை போட்டுக்கிட்டு வந்திருக்கும் பாவம். அதான் சொல்லிட்டேன், வீடு எப்படி இருந்தாலும் பரவால்ல, தண்ணி நல்லா இருக்கணும்னு."

இதைக் கேட்ட பிறகும் நான் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பருப்பு வேகாது என்று சொன்னேன். இதுதான் பிள்ளைகளே, நான் எழுதத் தயங்கிய இடம். மற்ற மூன்று பேருக்கு என் பொய்யால் என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியாது. இவருக்கு என்ன நஷ்டம் என்று அவரே சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் கைக்கெட்டுகிற மாதிரி மேலே இருந்தது. "அப்படியா..." என்றார். ஸ்கூட்டி சாவியைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது.

"எங்க கெளம்பறீங்க? ரெண்டு வாய் சாப்புட்டுப் போங்க. வூடு பாக்க வந்தவங்க வெறும் வயித்தோட போனா வூட்டுக்கு நல்லதில்ல."

"பேடாக்கா, இன்னொரு நாளு" என்று கன்னடத்தில் வேண்டாம் என்றார்.

"பேடாவும் கெடையாது, கீடாவும் கெடையாது. களி சூடா இருக்கு, உக்காருங்க."

நான் குறுக்கே புகுந்து, "அவங்களுக்கு நேரமாச்சு மல்லிகா" என்றேன்.

"உங்களுக்கென்ன? நேரம் அவங்களோடது" என்று ஒரு தட்டைத் துடைத்து வைத்துவிட்டாள்.

வாங்குகிற ஆளாக இருந்தாலும் வாங்காத ஆளாக இருந்தாலும் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். பாலக்கோட்டுப் பக்கம் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். பொய் சொல்லும்போது இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கிணற்றடியில் மறுபடியும்

சாப்பிட்டு முடிக்கும்வரை நாகரத்னா அம்மா தண்ணீர் பேச்சை எடுக்கவில்லை. உங்கள் அம்மாவிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அங்கே என்ன சமையல் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கை கழுவினார். சோப்புப் போட்டு, நுரை வருவதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கழுவினார்.

"அண்ணா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

போனேன். கிணற்றுக் கல்லில் கையை ஊன்றிக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"எத்தனை பேருகிட்ட இப்படிச் சொன்னீங்க?"

"உங்களோட நாலு பேரு."

"எதுக்குண்ணா?"

"பாப்பா பத்தாவது படிக்குது. பரீட்சை முடியற வரைக்குமாவது இங்க இருக்கலாம்னு..."

"அத என்கிட்ட கேட்டிருந்தா இருந்துட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பேனே. ரெண்டு மாசத்துல எனக்கு என்ன ஆகப்போவுது? பத்திரம் எழுதவே ரெண்டு மாசம் ஆவும்."

கிணற்றில் ஒரு தவளை குதித்த சத்தம் கேட்டது.

"நான் வர்றப்பவே விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார். "பின்னால ஒரு குடும்பம் இருக்குது, நல்ல ஆளுங்க, ஃபிட்டரு, மோட்டாரு கரண்டு எல்லாம் பாத்துப்பாருன்னு சொன்னாங்க. சரி, பொம்பளப் பிள்ளைங்க இருக்கற எடம், குடும்பத்தோட ஒருத்தரு இருந்தா நமக்கும் தைரியம், அவங்களையே இருக்கச் சொல்லிடலாம்னு நெனச்சிட்டு வந்தேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இப்ப எப்படிண்ணா? நாளைக்கு டேங்க் கழுவியாச்சுன்னு நீங்க சொல்வீங்க. நான் ஒசூர்ல இருப்பேன். நம்பணுமில்ல?"

"தப்புதாம்மா."

"வீட்ட நான் வாங்கிக்கறேன். பரீட்சை முடியட்டும். அது வரைக்கும் இருங்க. அப்புறம் நான் வேற ஆளு பாத்துக்கறேன். மல்லிகாக்காவ சமையலுக்குக் கூப்புடுவேன், அது வேற. அவங்க கைப்பக்குவம் நல்லா இருக்கு." அடுப்படிப் பக்கம் நடந்தவர் நின்றார். "அந்தப் பெரியம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. வீடு வாங்கற எடத்துல நான் போய்க் கோள் சொன்ன மாதிரி ஆவக் கூடாது."

சரோஜம்மாவுக்குப் போன்

கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனேன். மூன்று தடவை நம்பரைப் போட்டுப் போட்டு கட் செய்தேன். நாலாவது தடவை மணி அடித்துவிட்டது.

"ஆரு, சேகரா? சொல்லப்பா. யாரோ ஒரு பொண்ணு வர்றேன்னு சொல்லிச்சே, வந்துச்சா?"

"வந்தாங்கம்மா. புடிச்சிருக்குதாம். வாங்கிக்கறாங்களாம்."

"அம்மா தாயே!" என்றார். அந்தச் சந்தோஷத்தோடு விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மொத்தமே நாலைந்து வாக்கியம்தான்.

"சேகரு" என்றார். "நான் இங்க மாரியம்மன் கோயில்ல மூணு தரம் பூ கேட்டேன்டா."

பூ கேட்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று நினைத்துக்கொண்டு அம்மன் சிலை முன்னால் நிற்பார்கள். சிலையின் மேல் ஈரப் பூவை வைத்திருப்பார் பூசாரி. வலது பக்கம் விழுந்தால் நடக்கும், இடது பக்கம் விழுந்தால் நடக்காது.

"மூணு தரமும் வலது பக்கம்தான் குடுத்தா. வித்துரும் வித்துரும்னு சொன்னா. நீ என்னடான்னா யாரும் திரும்பி வரல வரலங்கறே. அம்மன் பொய் சொல்ல மாட்டாளே, அப்ப எங்கிட்டதான் ஏதோ குத்தம்னு நெனச்சேன். வெள்ளிக்கெழம ஒரு வேளை சாப்பாட்ட வுட்டுட்டேன். ஆறு மாசமா."

"அம்மா..."

"அவ சரியாத்தான் சொல்லியிருக்கா. நடுவுல நீ நின்னிருக்கே."

ரோட்டில் ஒரு பால் வேன் போயிற்று. நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேம்மா."

"முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கு வூட்ட விக்கணும். நீ வேற வூடு பாத்திருப்பே. ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சிருக்கும்" என்றார். திட்டவில்லை. போனை வைத்துவிட்டார். பத்திரம் பதிகிற நாளில் பார்த்தபோதுகூட, "பாப்பா நல்லா எழுதுதா?" என்று மட்டும்தான் கேட்டார். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை மறுபடி சாப்பிட ஆரம்பித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை.

சித்திரையில் நாம் காலி செய்தோம். இப்போது அங்கே மாடியிலிருந்து கீழே வரை கொடி கட்டி, கம்பெனி யூனிஃபார்ம் வரிசையாகக் காய்கிறது. அறுபது பேருக்கு மேலேயே இருக்கிறார்கள். உங்கள் அம்மா இன்றைக்கும் அங்கேதான் சமைக்கப் போகிறாள். மோட்டார் கெட்டால் வேறு ஒருவர் வந்து பார்க்கிறார். அவர் வேலை எனக்குத் திருப்தியில்லை, ஆனால் அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

ஒன்று பாக்கி

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. தருண், நீ அப்போது தெருவில் விளையாடப் போய்விட்டாய். அதனால் இது உனக்குத் தெரியாது.

போன் பேசிவிட்டு உள்ளே வந்தேன். நிவி மாடிப்படியில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் உங்கள் அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாகரத்னா அம்மா போகும்போது அவளைச் சமையலுக்குக் கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

"கேட்டீங்களா?" என்று உள்ளிருந்தே சத்தம் போட்டாள். "என்னைச் சமையலுக்கு வரச் சொல்லிட்டாங்க. அப்ப நம்மள காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. இங்கயே இருந்துக்கலாம் போல!"

நான் படியில் நிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேனாவை மூடினாள்.

"போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னத்த?"

"தண்ணி விஷயம்." மாடி ஜன்னலைக் காட்டினாள். "காலாண்டுப் பரீட்சை சமயத்துல ரெண்டு பேரு வந்தாங்கல்ல, எனக்கு மத்தியானப் பரீட்சை அன்னைக்கு. நான் அங்கதான் உக்காந்து படிச்சிக்கிட்டிருந்தேன். நீங்க பேசினது கேட்டுச்சு."

"அப்பவே ஏன் பாப்பா எங்கிட்ட கேக்கல?"

நிவி, நீ புத்தகத்தின் காக்கி அட்டை ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய்:

"எனக்கும் இங்கயே இருக்கணும்னு இருந்துச்சு. அதான் சும்மா இருந்துட்டேன். இன்னைக்கு அந்த ஆன்ட்டி முடி கொட்டறதப் பத்திச் சொன்னாங்கல்ல, அப்பகூட சும்மாதான் இருந்தேன்."

கம்பெனியில் ஒரு நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டால் அது அதோடு நிற்காது. பக்கத்துப் பாகத்தையும் சேர்த்துத் தேய்க்கும். அது எனக்கு வேலையில் தெரியும். வீட்டில் தெரியாமல் போயிற்று. நான் பொய் சொன்னேன் என்பதைவிட, பதினைந்து வயதுப் பெண் ஜன்னலுக்குப் பின்னால் நாலு மாதம் அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தப்பு என்னோடது. உன்னோடது இல்ல" என்றேன்.

"சரிப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அடுப்படிப் பக்கம் பார்த்தாய். அங்கே பாட்டு இன்னும் நிற்கவில்லை. "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்" என்று எழுந்தேன்.

நீயும் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து என் பின்னாலேயே வந்தாய்.